உஷார்! மழை பெய்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லையா?

உங்கள் ஊர் ஆற்றில் கடைசியாக எப்போது தண்ணீர் ஓடியது? தேதி வேண்டாம். வருஷத்தைச் சொன்னால் போதும்.

யோசிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் உஷார்!

காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஜனங்களே, கைவேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். "நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. மழை இல்ல, ஆறு காஞ்சு கெடக்கு" என்று நாமே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தச் சமாதானத்தை நம்பித்தான் ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

விருதுநகர் மாவட்டத்தில் சராசரியாக வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கொட்டிவிடுகிறது. கூரை ஒழுகுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள். மூன்றாம் நாள் குண்டாற்றுப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். குட்டை குட்டையாக நாலு இடத்தில் தேங்கியிருக்கும். நடுவில் ஆடு மேயும்.

பெய்த மழை எங்கே போனது?

மழை பெய்தும் ஆறு ஓடவில்லை என்றால், வழியில் யாரோ அதை விழுங்குகிறார்கள். அந்த யாரோவில் நாமும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். காரியாபட்டியைத் தாண்டி, குண்டாற்றுக் கரையை ஒட்டிய ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நிலம். மாமனார் காலத்தில் வெட்டிய கிணறு. கமலை இறைத்த கல்தூண் இன்றும் நிற்கிறது. "எங்க கெணறு வத்தி நான் பாத்ததில்ல" என்று அவரே பெருமையாகச் சொல்வார். பக்கத்து ஊரெல்லாம் சித்திரையில் குடத்தோடு அலையும்போது இவர் தோட்டத்தில் மிளகாய்ச்செடி பச்சையாக நிற்கும்.

ஒருநாள் சிலர் வந்தார்கள். பக்கத்துப் பட்டா நிலத்தில் சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறோம், லாரி போக உங்கள் வரப்போரமாக வழி விட்டால் போதும் என்றார்கள். வழிக்கு வாடகையாக ஒரு தொகை. அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு ஜோடி தோடு எடுத்தார்கள்.

அனுமதித் தாளில் இருந்தது சவுடு. ராத்திரியில் லாரியில் போனது ஆற்று மணல்.

முதல் வருஷம் கிணற்றில் தண்ணீர் இரண்டு படி இறங்கியது. அடுத்த வருஷம் அடிப்பாறை தெரிந்தது. மூன்றாவது வருஷம் போர் போட்டார்கள். தேங்காயைக் கையில் வைத்து ஒருவர் இடம் குறித்துக் கொடுத்தார். 400 அடி வரை வெறும் கல்மாவு பறந்தது. இன்னொரு இடத்தில் 700 அடி. தண்ணீர் வந்தது. நாலு மாசம். அதுவும் உவர்த்தண்ணீர். மிளகாய்ச்செடியின் இலை ஓரம் கருகிச் சுருண்டது.

இரண்டாவது போருக்கு அடகுக்குப் போன நகையில் அந்தத் தோடும் இருந்தது.

மகன் இப்போது சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறான்.

இதை நான் கதையாகச் சொல்லவில்லை, தாயீ. நாளைக்கு உங்கள் வரப்போரமும் அதே ஆட்கள் வந்து நிற்பார்கள். அதற்குத்தான் சொல்கிறேன்.

மணல் போனால் கிணறு ஏன் வற்ற வேண்டும்? ஆற்று மணலை நாம் வீடு கட்டும் பொருளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அது ஆற்றின் பானை. வெள்ளம் வரும் இரண்டு மூன்று நாளில் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் படாமல், ஆவியாகாமல், மாதக்கணக்கில் கரையோரக் கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். பானையை உடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டால், வருகிற வெள்ளம் கட்டாந்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஆற்றின் அடிமட்டம் இறங்க இறங்க, கரையோர நிலத்தில் ஊறியிருந்த நீரும் அந்தப் பள்ளத்துக்குக் கசிந்து போய்விடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மழை நின்ற பிறகும் ஒரு காலத்தில் ஆறு ஓடியதே, அது எந்தத் தண்ணீர்? இரண்டு கரையிலும் நிலத்துக்குள் நிறைந்திருந்த நீர் ஆற்றுக்குள் கசிந்தது. நிலம் கொடுத்தது, ஆறு வாங்கிக்கொண்டது. இன்று நிலத்தடி நீர் ஆற்றின் அடியைவிடக் கீழே கிடக்கிறது. அதனால் வருகிற கொஞ்சத் தண்ணீரையும் தாகமெடுத்த நிலம் குடித்துத் தீர்த்துவிடுகிறது. மேற்கே திருமங்கலத்தைத் தாண்டி வந்த தண்ணீர் நம் பக்கம் வருவதற்குள் காணாமல் போனால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர் போட்ட விவசாயியை நான் குற்றவாளியாக்க மாட்டேன். 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபோது அது பல குடும்பங்களுக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் நம் மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான் நிற்கும். அங்கே கடல் ஒன்றும் கிடையாது. நீங்கள் 700 அடி போனால் பக்கத்துக்காரர் 900 அடி போவார். உங்கள் மோட்டார் காற்றை இழுக்கும். அவர் மோட்டாரும் ஒருநாள் காற்றை இழுக்கும்.

குண்டாறு சின்ன ஆறு. மேற்கே ஆண்டிப்பட்டி மலைப்பக்கம் பிறந்து, திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வற்றாத ஊற்று எதுவும் அதற்குக் கிடையாது. மழைதான், ஓடைதான், கம்மாய்தான். ஒரு கம்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கம்மாய்க்குத் தண்ணீர். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மிச்சம் ஆற்றுக்கு. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருப்பவர்கள் காய்வார்கள்.

அறுப்பவர்கள் யார் தெரியுமா? வரத்துக்காலை வருஷத்துக்கு ஒரு முழம் நெருக்கி வரப்புப் போடும் நம் பங்காளி. ஓடையை மூடி மனை போட்டு, நாலுவழிச் சாலையோரம் கலர்க்கொடி நட்டு விற்கிறவர். ஓடையின் குறுக்கே லாரிக்குப் பாதை போட்டு, அடியில் ஒரு குழாயைச் செருகிவிட்டுப் போகும் குவாரிக்காரர். ஆவியூர்ப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் பெருகிக் கிடப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். 2024 மே 1 அன்று அங்கே குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் சிதறிப் போனபோதுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. சத்தம் போடாமல் நடக்கிற சேதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓடையை மூடினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் பெரிய ஆபத்து!

அப்புறம் சீமைக்கருவேலம். இதைக் காமராசர் காலத்தில் விதைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வெள்ளைக்காரர்கள் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று சொல்வதையெல்லாம் நான் நம்பச் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கிற கேடு ஒன்று போதும். ஆற்றின் நடுவிலும் வரத்துக்காலிலும் அடர்ந்து நின்று, மண்ணைப் பிடித்து மேடாக்கி, தண்ணீரின் வழியையே மறித்துவிடுகிறது. ஆழமாக வேர் விட்டு, எல்லாம் காய்ந்த கோடையிலும் அது மட்டும் பச்சையாக நிற்கிறது. அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, 2017இல் ஊர் ஊராக ஜேசிபி ஓடியது நினைவிருக்கும். அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. வேரோடு எடுக்காமல் மேலாக வெட்டிய இடத்திலெல்லாம் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் பிழைப்பும் கெடக்கூடாது. காட்டிலும் தரிசிலும் இருப்பதை வெட்டட்டும். ஆற்றிலும் வரத்துக்காலிலும் இருப்பது வேரோடு போக வேண்டும்.

"வைகைத் தண்ணி வருமே!" என்பீர்கள். நிலையூர் – கம்பிக்குடி கால்வாய் அதற்காக வெட்டியதுதான். வைகை நிறைந்து, நிலையூர்க் கம்மாய் நிறைந்து, அதற்கப்புறம் மிஞ்சினால்தான் நமக்கு. நாம் பந்தியின் கடைசி இலை. அந்த வைகையே பெரியாறு அணைத் தண்ணீரைத்தான் பெருமளவு நம்பியிருக்கிறது. வைகையின் தலைமாடான வருசநாட்டு மலையில் காடு குறையக் குறைய, மழைநீரைப் பிடித்து வைத்து விடுகிற சக்தியும் குறைந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்திருக்கிறது. காடு திரும்ப வளர வருஷக்கணக்காகும்.

காவிரி வருமே என்பீர்கள். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், வாழ்த்தி வரவேற்போம். ஆனால் அதுவும் காவிரியில் வெள்ளம் மிஞ்சும்போது வருகிற தண்ணீர். அது வந்து சேருகிற நாளில் நம் வரத்துக்கால்கள் மனையாகிப் போயிருந்தால், தண்ணீர் கம்மாய்க்கு எந்த வழியாகப் போகும்?

தண்ணீரைத் திருப்பிவிட்ட ஒரு தூரதேசத்தின் நிலைமையைக் கேளுங்கள். மத்திய ஆசியாவில் ஏரல் கடல் என்று ஒன்று. உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாக இருந்தது. 1960களில் தொடங்கி, அதற்கு வரும் இரண்டு ஆறுகளையும் பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள். ஏரியின் பெரும்பகுதி பாலைவனமாகிவிட்டது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. உப்புப்புழுதி பறந்து வந்து ஜனங்களுக்கு மூச்சுக்கோளாறு. அங்கேயும் ஒரே ராத்திரியில் நடக்கவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்வாங்கியது.

இனி அடையாளங்கள். இவற்றில் இரண்டு மூன்று உங்கள் ஊரில் இருந்தாலே கவலைப்பட ஆரம்பியுங்கள்.

ஆற்றில் ஊற்றுத் தோண்டிப் பாருங்கள். உங்கள் அம்மா காலத்தில் கையால் பறித்தாலே ஊறிய இடத்தில், இன்று மண்வெட்டி போட்டும் ஈரம் தட்டவில்லையா? ஆற்றின் பானை உடைந்துவிட்டது.

பாலத்தின் தூணைப் பாருங்கள். மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரிகிறதா? வாய்க்காலின் தலைமதகு மேலே நிற்க, ஆறு கீழே போய்விட்டதா? இனி ஆற்றில் வெள்ளமே வந்தாலும் உங்கள் வாய்க்காலில் ஏறாது!

காலையில் செம்மண் கலந்த வெள்ளம், சாயங்காலம் புழுதி. இப்படி ஒரே நாளில் ஆறு ஓடி முடிந்தால், மேலே தண்ணீரைத் தாங்கி நிறுத்த எதுவும் மிச்சமில்லை.

உங்கள் கம்மாய் மறுகால் பாய்ந்து எத்தனை வருஷம்? மேலக் கம்மாய் நிறைந்தும் உங்கள் கம்மாய் நிறையவில்லையா? நடுவே உள்ள வரத்துக்காலை நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் திரும்பி நிற்கிறதோ அங்கே விஷயம் இருக்கிறது.

வண்டல் அள்ளுகிறோம் என்று வருகிறவர்களைக் கவனியுங்கள். வண்டல் எடுப்பது நல்ல காரியம். அனுமதி வாங்கி அளவாக எடுத்தால் வயலுக்கு உரம், கம்மாய்க்கு ஆழம். ஆனால் உள்வாயில் ஒரே இடத்தில், மடை மட்டத்துக்கும் கீழே, கிணறுபோலத் தோண்டினால் அது வண்டலுக்காகத் தோண்டுகிற பள்ளமில்லை. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்றுவிடும், மடையை எட்டாது. அதைவிடப் பயங்கரம், மழைக்குப் பிறகு அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. குளிக்க இறங்குகிற பிள்ளைக்கு இடுப்பளவுத் தண்ணீருக்கு அடுத்த அடியில் ஆள் முழுகும் பள்ளம். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். ஆற்று மணற்குழிக்கும் இதையேதான் சொல்கிறேன்.

போர்த் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டோ காவிக் கோடோ விழுகிறதா? ஆழத்துத் தண்ணீரில் உப்போடு ஃப்ளோரைடும் கூடியிருக்கலாம். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் முடக்கும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடு போகாது!

ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஆனால் கறுப்பாக, நுரையாக வருகிறது. இதையும் ஓட்டம் என்று எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள். துவரிமான் பக்கம் பிறந்து நரிக்குடி வழியாகக் குண்டாற்றில் சேர வேண்டிய கிருதுமால் நதி, மதுரை நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. விருதுநகரில் கௌசிகா நதிக்கும் அதே கதிதான். நல்ல தண்ணீர் ஓடினால் அழுக்கும் கரைந்து போகும். நல்ல தண்ணீர் நின்றுவிட்டால் ஆறு சாக்கடையின் பாதையாகிவிடும்.

ஆற்றுக்குள் புதிதாக டயர்த்தடம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் லாரிச் சத்தம். ஊர்க்கோயிலுக்குத் திடீரென்று பெரிய நன்கொடை. கடைசியாகச் சொன்னதைக் கோபிக்காமல் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? ஆறு வற்றினால் விவசாயம் மட்டும் போவதில்லை. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு அந்த மண்ணின் வறட்சி ஒரு முக்கியக் காரணம். காற்றில் ஈரமில்லை, மருந்து நன்றாகக் காயும். விளைச்சல் இல்லை, கூலிக்கு ஆள் கிடைக்கும். அங்கே அர்ஜுனா நதி, வைப்பாறு. இங்கே குண்டாறு. ஆறு கைவிட்ட ஊரின் பிள்ளைகள் விடியுமுன் வேனில் ஏறி மருந்து அறைக்குப் போகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் விபத்து இல்லாத வருஷம் உண்டா? அந்த அக்கா தன் மகன் வீடு திரும்பும்வரை அலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கிறார். மூன்று ஏக்கரில் தண்ணீர் இருந்திருந்தால் அவன் அங்கே போயிருக்கவே மாட்டான்.

தாமதிக்காதீர்கள். ஐப்பசி பிறக்குமுன் உங்கள் கம்மாயின் வரத்துக்காலை ஊர்க்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தலையிலிருந்து கால்வரை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் கேட்டு, ஓடைப் புறம்போக்கு எத்தனை மீட்டர் அகலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளில் இருக்கிற அகலத்தையும் தரையில் இருக்கிற அகலத்தையும் ஒப்பிட்டால் வயிறு எரியும். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் கிராமசபைக் கூட்டம் உண்டு. பெண்களே, நீங்கள்தான் குடம் தூக்குகிறவர்கள், முன்வரிசையில் போய் உட்காருங்கள். தீர்மானத்தை எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலூர்ப் பக்கம் நாகநதியில் ஊரகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, நூறு நாள் வேலையில் தடுப்பும் உறிஞ்சு கிணறும் கட்டித்தான் காய்ந்த ஆற்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ராத்திரியில் தனியாகப் போய் லாரியை மறிக்காதீர்கள்! தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை 2023 ஏப்ரலில் பட்டப்பகலில் அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அரசு அதிகாரிக்கே அந்தக் கதி. ஊராகச் சேர்ந்து எழுதுங்கள். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். பத்துப் பேராகப் போங்கள்.

இதை எழுதுவதற்கு முன் அந்த அக்காவிடம் பேசினேன். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குலைத்ததாம். எழுந்து வாசலில் நின்று கேட்டிருக்கிறார். ஆற்றுப் பக்கம் லாரிச் சத்தம். இந்த முறை அவர் வரப்போரம் இல்லை. கொஞ்சம் கிழக்கே, அடுத்த ஊர்ப் பக்கம்.